மறுமுனை பிடித்தவள்

பகல் பதினொன்றே கால் மணிக்குச் செய்தி வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், சட்டத்துக்குப் பொருந்தும்படி ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். அந்த அறைக்குள் போன் எடுத்துவரக் கூடாது என்பது கடை விதி. அதனால் முதலாளியே தன் போனைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். உள்ளே தலை நீட்டினால் ஏதாவது ஒரு குறை சொல்லாமல் போகாத மனிதர், அன்றைக்கு வாயைத் திறக்கத் தெரியாமல் நின்றார்.

“மெஷினை நிறுத்துங்கம்மா.”

“இன்னும் ஒரு சுத்து இருக்கு சார்.”

“நிறுத்துங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வேலை செய்யற விடுதியிலேர்ந்து பேசறாங்க.”

அவள் நிறுத்தவில்லை. அந்தச் சுற்றை முடித்து, லென்ஸைத் துடைத்து, உறையில் போட்டு, உறையின் மேல் பெயரையும் எழுதிவிட்டுத்தான் திரும்பினாள். திரும்பிவிட்டால் அதைக் கேட்டாக வேண்டும் என்று மனசுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அவள் கணவர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய தங்கும் விடுதியில் துணி அறைப் பொறுப்பாளர். அறைகளுக்குப் போகும் விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் எல்லாம் அவர் கண்ணில் படாமல் மாடி ஏற முடியாது. அன்று காலை துவைத்து வந்த விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், அந்த அடுக்கின் மேலேயே தலையைச் சாய்த்திருக்கிறார். பார்த்தவர்கள் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்தார்கள். “ஒரு நாளாவது நல்ல பெட்ஷீட்ல தூங்கட்டும், விடு” என்று ஒருத்தன் கேலி வேறு பண்ணிவிட்டுப் போனானாம். எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொழுந்தன் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அண்ணி, இங்க டாக்டர், கையெழுத்து எல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க. வர்றவங்க வருவாங்க. நாலு மணிக்குள்ள அண்ணனைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது போல. அவள் தலையாட்டினாள். உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் வலி ஒன்றும் இல்லை. வலது கன்னத்தில் மட்டும், அடுக்கிய துணியின் மடிப்பு ஒரு கோடு போலப் பதிந்திருந்தது. தூங்கி எழும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கன்னத்தில் அதே போலக் கோடு இருக்கும். முகம் கழுவினால் போய்விடும்.

உறவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சின்னவர்களுக்கு மட்டுமல்ல, அவர் வயசுக்காரர்களுக்கும் அவர் பெட்ஷீட் மாமாதான். யாராவது புது வீட்டுக்குக் குடிபோனால், யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், யார் பிள்ளையாவது விடுதியில் தங்கிப் படிக்கப் போனால், அடுப்பு வாங்குவதற்கு முன்னால் அவருக்கு போன் வந்துவிடும். “மாமா, கட்டில் வந்தாச்சு. நீங்க எப்ப வர்றீங்க?” ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கிளம்புவார். கூடவே அவளும் கிளம்ப வேண்டும். விரிப்பை ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாது. ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் பிடிக்க, நடுவில் வெளிச்சம் விழ வேண்டும்.

“என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? நான் என்ன கொடிக்கம்பமா?” என்று அவள் கேட்பாள்.

“கொடிக்கம்பம் பேசாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

கடையில் அவர் செய்வதெல்லாம் ஒரு வேடிக்கை. பெட்டியில் அழகாக ரிப்பன் கட்டி வைத்திருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “பெட்டி மேலயா படுக்கப் போறோம்?” என்பார். துணியின் ஒரு மூலையைக் கசக்கி அவளுடைய கறுப்புக் கைப்பையின் மேல் உதறுவார். பையில் வெள்ளையாக மாவு விழுந்தால் அது கஞ்சியால் கனம் கூட்டிய துணி. இரண்டு சலவையில் கொசுவலை ஆகிவிடும். பிறகு கையில் பிடித்துக் கசக்கிவிட்டுத் திறப்பார். சுருக்கமே விழாமல் விறைப்பாக நிமிர்ந்தால், “இதுல பஞ்சு பாதி, பிளாஸ்டிக் பாதி. வேர்த்தா ஒட்டும்” என்று தள்ளிவிடுவார். விரலை நாக்கில் தொட்டு ஒரு சொட்டு ஈரம் வைப்பார். ஈரம் உடனே உள்ளே இறங்க வேண்டும். பளபளப்பில் மயங்கக் கூடாது, அது நகத்தில் மாட்டி நூல் இழுக்கும். அடர்நிறம் வாங்கக் கூடாது, அது நெசவின் குறையை மறைக்கும். சேர்த்துக் கொடுக்கிற தலையணை உறைக்கும் பூ வேலைக்கும் கொடுக்கிற காசை விரிப்புக்கே கொடுத்தால் அது இன்னும் பல வருஷம் உழைக்கும். கடைசியாக அடியில் கிடக்கும் துணிகளைக் கிளறச் சொல்வார். கரையில் ஒரு சின்ன நெசவுப் பிழை இருந்ததென்று ஒதுக்கி வைத்த நல்ல துணி அங்கேதான் கிடைக்கும். கரை எப்படியும் மெத்தைக்கு அடியில் போய்விடப் போகிறது.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவர் வீட்டில் ஒரு புது விரிப்பு கிடையாது. விடுதியில் பழசாகிப்போன விரிப்புகளை அறைகளுக்குத் திரும்ப அனுப்பிவிடக் கூடாதென்று, மூலையில் கறுப்பு மையால் பட்டையாக ஒரு கோடு இழுப்பார்கள். அப்படிக் கோடு போட்டதை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அவர் அவற்றை எடுத்துவந்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, கட்டிலில் விரித்துவிடுவார். “எத்தனை வெந்நீர் பார்த்த துணி தெரியுமா? இதோட மிருது எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கன்னத்தில் வைத்துக் காட்டுவார். கேட்பதற்கு அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை, ஓரகத்தியின் கல்யாணத்துக்கு வாங்கும்போது, “நமக்கும் ஒண்ணு பார்ப்போமா?” என்று அவள் கேட்டாள்.

“நமக்கு எதுக்கு? நம்ம வீட்டுக்கு யார் வரப்போறாங்க?”

பிள்ளை இல்லாத வீடு. அவர் சொன்னதில் கசப்பு ஒன்றும் இல்லை, கணக்கு மட்டும்தான் இருந்தது. அவளும் சிரித்துவிட்டுத் துணியின் மறுமுனையைப் பிடித்தாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தபோது பெரிய நாத்தனாரும் ஓரகத்தியும் கூடத்தை ஒழித்து வைத்திருந்தார்கள். நாற்காலிகள் சுவரோரம் போயிருந்தன. மாடி வீட்டுக்காரர்களிடம் கேட்டு வாங்கிய ஒற்றைக் கட்டில் நடுவில் கிடந்தது. நாத்தனார் அலமாரியில் கைக்கு அகப்பட்ட விரிப்பை எடுத்துக் கட்டிலில் போட்டு, இழுத்துச் சொருகிக்கொண்டிருந்தாள். அவருக்கு மூத்தவள், தாயில்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தோடும் வேலை ஓயவில்லை.

அவள் கட்டிலைப் பார்த்தாள். நடுவில் ஒரு ஒட்டு. கால்மாட்டில் கறுப்புக் கோடு.

“அண்ணி, இது வேண்டாம்.”

“ஏன், துவைச்சதுதானே?”

“துவைச்சதுதான். ஆனா இது விடுதி கழிச்சுப் போட்டது.”

நாத்தனார் குனிந்து கோட்டைப் பார்த்தாள். “இதை உள்ள மடிச்சு விட்டா யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும் அண்ணி.”

அலமாரியில் இருந்த மற்றவற்றை அவளே எடுத்துப் போட்டாள். ஒன்றின் பின் ஒன்றாக எல்லாவற்றிலும் மூலையில் அந்தக் கோடு. வருஷக்கணக்காக அதன் மேல்தான் இருவரும் படுத்து எழுந்தார்கள். ஒரு நாளும் அது அவள் கண்ணை உறுத்தியதில்லை. இன்றைக்கு எல்லோரும் வரப்போகிறார்கள். அவர் விரிப்பு வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வரும். அவர்கள் பார்க்கிறார்களோ இல்லையோ, வேண்டாம் என்று யாரோ கோடு இழுத்த துணியின் மேல் அவர் கடைசியாகக் கிடக்கக் கூடாது. வேறு எதிலும் அவளுக்கு அப்போது பிடிப்பில்லை. பூமி, சுவர், வந்துபோகும் குரல்கள் எல்லாம் தள்ளிப் போயிருந்தன. இந்த ஒன்று மட்டும் கையில் கெட்டியாக இருந்தது.

“நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“எந்தக் கடைக்கு?”

“பெட்ஷீட் கடைக்கு.”

நாத்தனாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்ததும் குரல் ஏறிவிட்டது. “உனக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சா? என் தம்பி அங்க கெடக்கான், நீ கடைத்தெருவுக்குப் போறேங்கறே? பார்க்கறவங்க என்ன பேசுவாங்க? இருக்கறதுல ஒண்ணைப் போடு. கொஞ்ச நேரம்தானே!”

“அந்தக் கொஞ்ச நேரம்தான் அண்ணி இருக்கு.”

ஓரகத்தி இருவருக்கும் நடுவில் வந்தாள். யாருக்கும் யாருக்கும் இடையில் சண்டை வருவது அவளுக்கு ஆகாது. “அக்கா, என் கல்யாணத்துக்கு மாமா வாங்கித் தந்தது இன்னும் நல்லா இருக்கு. பத்து நிமிஷத்துல எடுத்துட்டு வந்துடறேன்.”

“அது உனக்குன்னு அவர் அலைஞ்சு வாங்கினது. அதை உன் வீட்லேர்ந்து எடுத்தா அவருக்குப் பிடிக்காதும்மா.”

ஓரகத்தி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

கடைக்காரருக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தவுடனே முகம் மலர்ந்தது.

“வாங்கக்கா, வாங்க! அண்ணன் எங்க, வண்டியை நிறுத்தறாரா?”

“அவர் வரலை.”

“அப்ப இன்னைக்கு எனக்கு நல்ல நேரம்தான். அவர் வந்தா துணியையும் வெளிச்சத்துல பிடிப்பார், என்னையும் வெளிச்சத்துல பிடிப்பார். ரெண்டுலயும் ஓட்டை எங்கன்னு கண்டுபிடிச்சுடுவார்!”

ஓரகத்தி சட்டென்று திரும்பித் தலையணைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

“யாருக்குக்கா? யார் புது வீடு போறாங்க?”

“அவருக்குத்தான்.”

“அண்ணனுக்கா! என்ன அதிசயம்! ஊருக்கெல்லாம் புதுசு, அவருக்கு மட்டும் விடுதிப் பழசுன்னு இருந்த மனுஷனாச்சே. மனசு மாறிடுச்சா?”

“நான்தான் முடிவு பண்ணினேன்.”

“இதை முன்னாடியே பண்ணியிருக்கணும் நீங்க,” என்று அவர் சிரித்தார். “இரட்டைக் கட்டில்தானே?”

“இரட்டை” என்று அவளும் “ஒத்தை” என்று ஓரகத்தியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் கல்லாவின் மேலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒத்தைதான்,” என்றாள்.

கடைக்காரர் முதலில் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மேலே பெரிய எழுத்தில் சதுர அங்குலத்துக்கு எண்ணூறு இழை என்று போட்டிருந்தது. “இது வெளிநாட்டு விடுதியில போடறது.”

“ரெண்டு மூணு நூலை ஒண்ணா முறுக்கி, அதைத் தனித்தனியா எண்ணி எண்ணூறுன்னு போடுவாங்க. எனக்கே காது குத்தறீங்களே,” என்றாள் அவள். வார்த்தை கணவருடையது. அவள் வாயில் அது எப்படி இத்தனை சரளமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“சரிதான், அண்ணன் வராட்டாலும் வந்த மாதிரிதான்!” கடைக்காரர் பெட்டியை மூடினார்.

அடியில் கிடப்பதை எடுக்கச் சொன்னாள். முதல் துணியைக் கசக்கிப் பையின் மேல் உதறியபோது மாவு கொட்டியது. அதைத் தட்டிவிட்டாள். இரண்டாவது துணி கைக்குள் அடங்காமல் விறைத்துக்கொண்டு நிமிர்ந்தது. மூன்றாவது யானைத் தந்த நிறம், மட்டமான பளபளப்பு கிடையாது, ஈரம் வைத்ததும் உறிஞ்சிக்கொண்டது. ஒரு பக்கக் கரையில் மட்டும் நூல் கொஞ்சம் தடித்துப் போயிருந்தது.

“இதைப் பிடி,” என்று ஓரகத்தியிடம் ஒரு முனையைக் கொடுத்தாள்.

இருவரும் கடை வாசலுக்கு வந்தார்கள். ஓரகத்திக்குப் பழக்கமில்லை. துணி நடுவில் தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. “இழுத்துப் பிடி. இன்னும் மேலே தூக்கு,” என்றாள் அவள். துணி விரிந்து நின்றது. வெயில் ஓரகத்தியின் முதுகுப்புறத்திலிருந்து வந்தது.

இழைகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் தலையை நிமிர்த்தினாள். நெசவு ஒரே சீராக இருந்தது. அதற்குப் பின்னால் ஓரகத்தியின் நிழல் முழுசாகத் தெரிந்தது: உயர்த்திய இரண்டு கைகள், ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை, காற்றில் பறக்கும் நாலு முடி. அவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கை வலிக்க மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம் பாருங்களேன், எவ்வளவு நேரம்தான் பார்ப்பீங்க?” என்று அவள் திட்டியிருக்கிறாள். “இரு, இன்னும் பார்க்கலை,” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். துணி நல்ல துணி என்று தெரிந்த பிறகும் அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தப் பக்கம் நிற்பவருக்கு என்ன தெரியும் என்பது அவளுக்கு இன்றைக்கு வரை தெரியாமலிருந்தது.

“அக்கா, கை வலிக்குது,” என்றாள் ஓரகத்தி.

“இரு. இன்னும் பார்க்கலை.”

விலை பேசும்போது ஓரகத்தி அவள் காதருகே வந்தாள். “கேட்டதைக் கொடுத்துட்டு வாங்கக்கா. நேரம் ஆயிடுச்சு.”

“கரையில குறை இருக்கு. கேட்டதை அப்படியே கொடுத்துட்டுப் போனா ராத்திரி பூரா என்னைத் தூங்க விடமாட்டார்,” என்றாள் அவள். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று இருவருக்கும் உறைத்தது. கடைக்காரர் மட்டும் ஒன்றும் தெரியாமல் சிரித்தார். கால் பங்கு குறைத்துக் கொடுத்தார். கணவர் வந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைத்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மோசமில்லை.

“துவைச்சுப் பாருங்க. சரியில்லேன்னா அண்ணனையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவர்கிட்ட திட்டு வாங்கி ரொம்ப நாளாச்சு.”

“சொல்றேன்.”

தெருவுக்கு வந்ததும் ஓரகத்தி உடைந்துவிட்டாள். நடந்துகொண்டே அழுதாள். “ஏன்கா அவர்கிட்ட சொல்லலை? பாவம், நாளைக்குத் தெரிஞ்சா அந்த மனுஷன் எப்படித் துடிச்சுப்போவார்!”

“சொல்லியிருந்தா காசு வாங்கியிருக்க மாட்டார்.” அவள் பொட்டலத்தை மாற்றிப் பிடித்தாள். “இனாமா வந்த துணியில அவரைப் படுக்க வைக்கணும்னா வீட்லயே அடுக்கடுக்கா இருக்கே.”

வீட்டுக்குள் நுழைந்தவள் கட்டில் பக்கம் போகவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், வாளியில் வெதுவெதுப்பாக நீர் பிடித்து, புது விரிப்பை உதறி அதற்குள் அமுக்கினாள். சத்தம் கேட்டு நாத்தனார் வந்து பார்த்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என்ன பண்றே நீ? அடி புண்ணியவதி, என்னதான் பண்றே? இப்ப வந்துடுவாங்களே! புதுத் துணியைப் போய் நனைச்சுட்டியே!”

“கஞ்சி போகணும் அண்ணி.”

“கஞ்சியாவது ஒண்ணாவது! ஈரத்துலயா அவனைப் படுக்க வைக்கப் போறே?”

“துவைக்காம எந்த விரிப்பையும் அவர் போட்டதில்லை. யார் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தாலும், துவைச்சுட்டுத்தான் விரிக்கணும்னு சொல்லிட்டுத்தான் வருவார்.”

“அது உசிரோட தூங்கறவங்களுக்கும்மா!” நாத்தனாரின் குரல் உடைந்தது. “இனிமே அவனுக்கு உறுத்தவா போகுது?”

அவள் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“உறுத்தும் அண்ணி.”

நாத்தனார் உள்ளே வந்து, ஆடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியிலிருந்து விரிப்பின் ஒரு நுனியைத் தேடி எடுத்தாள். “அவனுக்குச் சின்ன வயசுலேயே மேல்ல சொரசொரன்னு பட்டா ஆகாது,” என்றாள். “கம்பளியைப் போர்த்தினா காலால உதைச்சுத் தள்ளிடுவான்.”

இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முறுக்கிப் பிழிந்தார்கள். நாத்தனாருக்கு வயசானாலும் கையில் பலம் போகவில்லை. தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. மாடியில் உலர்த்த நேரமில்லை. ஓரகத்தி கூடத்து மேஜையின் மேல் பழைய விரிப்புகளை விரித்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்திருந்தாள். நாத்தனார் அதைப் பிடுங்கிக்கொண்டாள். “நீ மெதுவாத் தேய்ப்பே, தள்ளு.” பெட்டி பட்ட இடத்திலெல்லாம் ஆவி எழும்பியது. ஈரப் பஞ்சின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. நாத்தனார் அழுதுகொண்டே தேய்த்தாள். விழுந்த சொட்டுகளின் மேலும் பெட்டியை ஓட்டிக் காயவைத்தாள். துணி நகர நகர அவளும் ஓரகத்தியும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார்கள்.

வீட்டில் விரிப்புகளை மடிப்பது எப்போதும் இரண்டு பேர் வேலையாகத்தான் இருந்தது. அவரும் அவளும் நாலு மூலையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவருவார்கள்; அவர் தன் மூலைகளை அவள் கையில் கொடுப்பார். பேச்சு வார்த்தை நின்றுபோன நாட்களிலும் இது நிற்காது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே எதிரில் நடந்து வருவார். பக்கத்தில் வந்ததும் விரல் பட்டுவிடும். அதற்கு மேல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது கஷ்டம். “மடிக்கத் தெரியுதா பாரு,” என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கிவிடுவார். தொடங்கியது எப்போதும் அவர்தான். அவள் ஒரு தடவையாவது முதலில் தொடங்கியிருக்கலாம் என்று மேஜைக்குப் பக்கத்தில் நின்றபோது நினைத்தாள்.

நாலு மணிக்கு முன்னாலேயே துணி காய்ந்துவிட்டது. தடித்த கரை இருந்த பக்கம் அடியில் போகும்படி கட்டிலில் விரித்து, இழுத்துச் சொருகினார்கள். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. நாத்தனார் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

“நல்ல துணிதான்,” என்றாள். “அவன் பார்த்து வாங்கின மாதிரியே இருக்கு.”

அப்போதுதான் கால்மாட்டு மூலையில் இருந்த சீட்டு அவள் கண்ணில் பட்டது. அளவும் துவைக்கும் முறையும் அச்சடித்த, நகம் மாதிரி விறைப்பான நைலான் சீட்டு. சின்னதுதான், ஆனால் நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். படுத்தால் சரியாகப் பாதத்தில் குத்தும். அவள் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். துணி கிழிந்துவிடாமல் ஒவ்வொரு தையலாகத்தான் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் முடிந்தபோது தெருமுனையில் வண்டி திரும்பியது.

“எழுந்திரும்மா,” என்றாள் நாத்தனார். “வந்துட்டாங்க. எழுந்திரு.”

கொழுந்தனும் விடுதியிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து அவரைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். மேலே ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது. முகத்திலிருந்து அதை விலக்கப் போனவள், விலக்குவதற்கு முன்னால் அதன் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறை உரசிப் பார்த்தாள். தெரிந்து செய்யவில்லை.

“கலப்புத் துணி,” என்றாள் மெதுவாக. அவரிடம்தான் சொன்னாள்.

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். அவள் அந்த விரிப்பை எடுத்துவிட்டு, அவர் தலையைச் சற்றுத் தூக்கி, அடியில் விழுந்திருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். கன்னத்தில் இருந்த கோடு இன்னும் போகவில்லை. அவள் கையை நனைத்துக்கொண்டு வந்து துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. அப்போதுதான் அழுதாள். அவ்வளவு நேரமும் எங்கே இருந்தது என்று தெரியாத அழுகை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, வெட்கமில்லாமல் வந்தது. நாத்தனார் அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

ஆட்கள் வந்தார்கள். அவர் விரிப்பு வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, முகத்தைப் பார்த்து, விலகி நின்றார்கள். சில பெண்கள் போகும்போது பழக்கத்தில் துணியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாலை இருட்டுவதற்குள் அவரை எடுத்துப் போனார்கள்.

காலிக் கட்டிலின் கால்மாட்டு மூலையில் அந்தச் சீட்டு இருந்தது. ஒரு பக்கத் தையல்தான் பிரிந்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் பிரிக்கவில்லை.